நிறம் திரும்பாத தட்டு

பினாங்கிலிருந்து திருச்சிக்கு நான் போனது ஒரு வெள்ளைத் தூளைச் சோதிப்பதற்காக. அந்தத் தூளைச் செய்யும் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆராய்ச்சியைத் தவறு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அது தவறில்லை என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது.

தூளின் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்து என்பது சர்க்கரைத் துணுக்குகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒருவகை பாக்டீரியா சுரக்கும் நொதி அந்தச் சங்கிலியை வெட்டி, வெட்டிய துண்டின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிவிடும். ஏழு துணுக்கு கொண்ட வளையம்தான் வியாபாரத்தில் அதிகம் போவது. வளையத்தின் வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உள்பக்கம் எண்ணெய், வாசனை, கசப்பு மருந்து போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பினாங்கில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு நான் அவ்வப்போது ஆலோசனை சொல்கிறேன். தொட்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு தொழிற்கூடம் வாழைக்காய் மாவிலிருந்து இந்தத் தூளைச் செய்வதாகக் கடிதம் வந்தது. நேரில் பார்த்து அறிக்கை தர யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, கடிதத்தின் அடியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நான் போகிறேன் என்றேன். பெயர் ஜமீலா.

விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. பினாங்கிலும் வெயில் உண்டு. ஆனால் மாலையில் மழை வந்து கழுவிவிடும். திருச்சி வெயிலுக்கு அந்த இரக்கம் கிடையாது. டாக்சி ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர். பாதி வழியில் வண்டியின் குளிர்சாதனம் நின்றுபோனது.

"ஏசி என்னங்க ஆச்சு?"

"அதுக்கும் வெயில் ஒத்துக்கலை சார்," என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "இப்ப இயற்கைக் காத்து. இதுக்குத் தனியா கேக்க மாட்டேன்," என்றும் சொன்னார்.

ஒருகாலத்தில் காட்டூரில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்து, நகரத்தின் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆனாலும் வண்டி எந்தப் பாலத்தில் ஏறி எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஓட்டுநரிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

தங்கியது ஸ்ரீரங்கத்தில். விடுதிக்கு எதிரே ஒரு மெஸ். அதை நடத்தும் ஐயங்கார் கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லோரையும் விசாரிப்பார். முதல் வேளைப் பொங்கலுக்கே என் சரித்திரத்தைக் கேட்டு முடித்துவிட்டார்.

"பினாங்கிலேர்ந்து இவ்ளோ தூரம் வந்திருக்கேள். பெருமாளைச் சேவிச்சாச்சோ?"

"இல்லை. ஒரு வேலை இருக்கிறது. முடித்துவிட்டுப் போகலாம் என்று..."

"வேலை முடிஞ்சு பெருமாளைச் சேவிச்சவா யாரும் இல்லை ஸ்வாமி. சரி, இன்னும் கொஞ்சம் கொத்சு விடச் சொல்லட்டுமா?"

கொத்சு நன்றாக இருந்தது. பினாங்கில் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை. எந்தக் கறியிலும் லேசான ஓர் இனிப்பு ஏறிவிடும். இங்கே புளி புளியாகவே இருந்தது.

மறுநாள் காலை டோல்கேட்டில் நின்று நாமக்கல் பஸ் ஏறினேன். நிறுவனம் கார் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. பஸ் தாமதமாகப் போகும், அவரைப் பார்க்கும் நேரம் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும் என்பதால்தான் பஸ் ஏறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் எதிர்பார்ப்புக்கு மேலேயே அது தாமதித்தது. குணசீலத்தைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

"பின்னாடி வர்ற வண்டியில ஏத்தி விடறேன். ஸ்டெப்னி இல்ல," என்றார் கண்டக்டர்.

கூடையோடு இறங்கிய ஒரு அம்மா விடவில்லை. "ஸ்டெப்னி இல்லாம பஸ்ஸ எடுத்துக்கிட்டு வந்திட்ட. பொண்டாட்டிய விட்டுட்டு மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போவியா நீ?"

"போயிருக்கேன்க்கா. அப்பதான் நல்ல சோறு கிடைச்சுது," என்றார் கண்டக்டர்.

புளியமர நிழலில் என் பக்கத்தில் நின்றவர் தொட்டியத்து வாழை விவசாயி. எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தம்மா கம்பெனிக்கா? நல்லா இருக்கணும்ங்க அவங்க. காத்துல என் தோட்டம் மொத்தமும் படுத்துக்கிச்சு. முத்தாத தாரு. மார்க்கெட்டுல எவன் தொடுவான்? அவங்க வண்டிதான் வந்து அள்ளிக்கிட்டுப் போச்சு."

"அதைக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள்?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன்.

"அரைச்சு மாவெடுத்து, அந்த மாவைக் கண்ணுக்குத் தெரியாத மோதிரமா ஆக்கிடுவாங்களாம். கசப்பு மருந்த அந்த மோதிரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சா நாக்குக்குத் தெரியாதாம்."

"உம் பொண்டாட்டிக்கு ரெண்டு கிலோ வாங்கிக் கொடு மாமா. பேச்சு கசக்காம இருக்கும்," என்றார் அருகில் இருந்த இன்னொருவர்.

முப்பது ஆண்டுகள் வகுப்பில் நான் சொன்ன விளக்கம் எதுவும் இந்த மோதிரத்தைவிடத் தெளிவாக இருந்ததில்லை.

தொழிற்கூடம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கட்டடம். ஜமீலா வாசலில் நின்றிருந்தார். தலையில் முக்காடு, மேலே ஆய்வகக் கோட்டு, ஐம்பத்தைந்து வயதுக்குரிய கண்ணாடி.

"வாங்க சார். பஸ்லயா வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே," என்றார். குரலில் ஒரு கீறலும் இல்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. கோபத்துக்கு நான் தயாராகி வந்திருந்தேன்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். மாவுப்பாலைச் சூடாக்கிக் கூழாகக் கட்டிவிடாமல் இளக்குகிறார்கள். பதமான சூட்டுக்கு ஆற்றி நொதியைச் சேர்க்கிறார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் நொதி வேலை செய்கிறது. பெரிய ஆலைகளில் இந்தக் கட்டத்தில் டொலுவீன் போன்ற கரைப்பானை ஊற்றுவார்கள். அது வளையத்துக்குள் புகுந்துகொண்டு வளையங்களை அடியில் படியவைக்கும். பிறகு அதை முழுதும் விரட்டுவது பெரும்பாடு.

"டொலுவீன் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்றேன்.

"இல்லவே இல்ல சார். தண்ணிய வத்த வெச்சு ஆறவிடறோம். ஏழு துணுக்கு வளையம் குளிர்ந்த தண்ணியில சரியாக் கரையாது, தானா படிகமாயிடும். பெரிய கம்பெனி எடுக்கற அளவு வராது. ஆனா வர்றது சுத்தமா வரும். மிச்சப் பாகு மாட்டுத் தீவனத்துக்குப் போயிடும்."

படிகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுவிய கல்லுப்புபோல மினுங்கியது.

ஆய்வக அறையில் செல்வி என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும், அங்கே பொறுப்பாளர். பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளைக் காட்டினார். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தட்டில் மாவுச்சத்தோடு பீனால்ப்தலீன் என்ற சாயத்தையும் கலந்து, காரம் சேர்த்தால் தட்டு முழுதும் ரோஜா நிறமாகும். வளையம் செய்யும் பாக்டீரியா அதில் வளர்ந்தால், வளையங்கள் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ள, அந்தப் பாக்டீரியாவைச் சுற்றி ஒரு வட்டம் வெளுக்கும். சிக்கல் என்னவென்றால், பாக்டீரியா வெறும் அமிலத்தைச் சுரந்தாலும் அதே மாதிரிதான் வெளுக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஓர் எளிய வழி இருக்கிறது.

செல்வி அதை மனப்பாடமாகச் சொன்னார். "தட்டு வெளுத்தா நம்பாதே. அமிலத்தை முறிக்க, பஞ்ச அமோனியாவுல நனைச்சு மூடிக்குள்ள வெச்சு மூடு. நிறம் திரும்பி வந்துச்சுன்னா அமிலம். வரலைன்னா வளையம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேடம் இதைத்தான் சார் சொல்லிக் குடுப்பாங்க. மேடத்தோட பழைய சார் ஒருத்தர் இதைப் பார்க்காமயே, அமிலம்னு சொல்லி அவங்க வேலைய மூடிட்டாராம். கெட்டவர்லாம் இல்லையாம். அவசரக்காரராம்."

"செல்வி," என்றார் ஜமீலா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இவர்தான் அந்த சார்."

செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ! மன்னிச்சுக்கங்க சார்."

"பரவாயில்லைம்மா," என்றேன் நான்.

இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் ஒரு பெண்ணை மன்னித்துவிட்டு, வாழைப்பூ வடையும் தண்டுக் கூட்டும் பரிமாறிய இலையில் போய் உட்கார்ந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைய கதை இதுதான். கல்லூரியில் என் ஆய்வுத் திட்டத்தில் ஜமீலா தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர். காந்தி மார்க்கெட்டில் அழுகிய கிழங்குகளைக் கொட்டும் இடத்திலிருந்து மண்ணெடுத்து, அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்திருந்தார். திட்டத்தை மதிப்பிட வெளியூரிலிருந்து வந்த நான்கு பேராசிரியர்கள் முன்னால் தட்டைக் காட்டினார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மோர் புளித்த கதையம்மா, வெறும் அமிலம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "அமோனியா காட்டிப் பார்த்துடலாம் சார், ரெண்டு நிமிஷம்," என்று அவர் கேட்டார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன். திட்டம் அன்றோடு முடிக்கப்பட்டது. அதுவரை நான் செய்தது அகம்பாவம் கலந்த பிழை. மத்தியானம் விருந்தாளிகள் போன பிறகு, என் மனதுக்குள் ஏதோ அரிக்க, தட்டை எடுத்து அமோனியா காட்டினேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நிறம் திரும்பவில்லை. சிரித்த நான்கு பேருக்கும் என் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று தோன்றியது. தட்டை நீராவிக் கலனில் போட்டு அவித்துக் கொட்டிவிட்டேன். அதன் பிறகு சில ஆண்டுகளில் மலேசியாவில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து சாப்பிட வரவேண்டும் என்று ஜமீலா தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய தெரு. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன். மார்க்கெட் முனையில் மூட்டை ஏற்றிய ஒரு தள்ளுவண்டியும் எங்கள் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நின்றன. இருவரில் யார் பின்வாங்குவது என்று தீர்மானமாகவில்லை. நான் இறங்கி நடந்தேன். முட்டைக்கோஸ் இலைகள்மேல் வழுக்கிய என்னைச் சுமை தூக்குபவர் ஒருவர் தோளில் பிடித்து நிறுத்தி, "பாத்துப் பெருசு, இங்க விழுந்தா உங்களையும் எடை போட்டு அனுப்பிடுவானுங்க," என்றார்.

நெய்ச்சோறு, தாளிச்சா, ஆட்டுக்கறி. ஜமீலாவின் தம்பி காதர் கிழங்கு மொத்த வியாபாரி. என் தட்டு காலியாகவிடாமல் பார்த்துக்கொண்டார்.

"எங்க அக்கா அந்தக் காலத்துல குப்பையில மண்ணு தோண்டும் சார். மார்க்கெட்டே சிரிக்கும். எங்க அத்தாவுக்கு மானம் போச்சு. அப்புறம் கல்யாணம் பண்ணி மச்சான்கூட மஸ்கட் போயி, ஸ்கூல்ல பாடம் எடுத்துச்சு. திரும்பி வந்து என்ன பண்ணுச்சுங்கறீங்க? மறுபடியும் அதே குப்பையில மண்ணு தோண்டுச்சு!"

"கிடைச்சுதுல்ல?" என்றார் ஜமீலா.

"கிடைச்சுது, மாஷா அல்லாஹ். குப்பையக் கிளறுனா கோழி முட்டைதான் போடும், நீ கம்பெனியே போட்டுட்ட."

அறை முழுதும் சிரித்தது. காதரின் மனைவி, பிள்ளைகள், ஒரு மாமா. இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு கரண்டி தாளிச்சா வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது ஜமீலா தன் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ லாரி பழுதாம். ஜன்னலுக்கு வெளியே ஆறு. பாதி மணல், பாதி தண்ணீர். பினாங்குப் பாலம் இதைவிடப் பன்மடங்கு நீளம். அதில் ஒருநாளும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. இனித் தள்ளிப்போட எனக்குக் காரணம் மிச்சமில்லை.

"ஜமீலா, அந்தத் தட்டுக்கு நான் அமோனியா காட்டிப் பார்த்தேன். நிறம் திரும்பவில்லை."

தொழிற்கூடத்தில் 'நீங்கள்' என்று பேசி வந்தவன், அடுத்த வாக்கியத்தில் பழையபடி 'நீ' என்றேன். "நீ சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப பார்த்தீங்க?"

"அன்றைக்கே. மத்தியானம் மூன்று மணி இருக்கும்."

"மூணு மணிக்கு நான் கீழதான் சார் இருந்தேன். ஆபீஸ் வராண்டாவுல. லேப் சாவிய ஒப்படைச்சிட்டுக் கையெழுத்துக்காக அஞ்சு மணி வரைக்கும் நின்னேன்."

ஒரு மாடி இறங்கியிருந்தால் போதும். அது எனக்கு அதுவரை தெரியாது.

பின்னால் பஸ் ஒலி எழுப்பியது. முன்வண்டி இரண்டடி நகர, அவரும் நகர்த்தினார்.

"நீங்க தப்புப் பண்ணிட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் சார். மனுசன்னா தப்பு வரும்னு விட்டுட்டேன். அப்படி விடறது கஷ்டமா இல்ல. இத்தனை வருஷமா அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை."

"அப்ப உங்களுக்காகச் சொல்றீங்க."

ஆமாம் என்றேன்.

பாலம் தாண்டி மாம்பழச் சாலை வந்ததும் ஓரமாக நிறுத்தினார். "இங்கேருந்து ஆட்டோ கிடைக்கும் சார். நான் இப்படியே திரும்பிக்கறேன்," என்றார். நான் கதவைத் திறந்து வெயிலில் இறங்கியதும், என் தொப்பி வண்டிக்குள்ளேயே இருப்பதைப் பார்த்து எடுத்து நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. விடுதிவரை நடந்தே போனேன்.

நான்காம் நாள் காலை மெஸ்ஸில் இட்லி இறங்கவில்லை. ஐயங்கார் பார்த்துவிட்டு, "வெளியூர்த் தண்ணி ஒத்துக்கலை போலிருக்கு. மோர் குடிங்கோ," என்றார். மோர் வேண்டாம் என்றேன்.

அறைக்கு வந்து அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். தூள் சுத்தம், முறை நேர்த்தி, ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நல்ல வார்த்தைகளை எழுதும்போது கை தாராளமாக ஓடியது. இந்த அறிக்கை அவருக்கு ஏதோ ஒருவகையில் ஈடாகிவிடும் என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: தொழிற்கூடத்தின் பொறுப்பாளரோடு உங்களுக்கு முன்பு தொடர்பு உண்டா? பழைய மாணவர்கள் நடத்தும் இடங்களுக்குப் போய்விட்டு இல்லை என்று குறியிடும் ஆய்வாளர்களை எனக்குத் தெரியும். நானும் இட்டதுண்டு.

பினாங்கில் என்னை அனுப்பிய மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. அவரை அழைத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"போவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம்."

"இதை எழுதினால் உங்கள் அறிக்கையை நான் ஓரமாக வைக்க வேண்டும். வேறொருவரை அனுப்ப வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். உங்களையும் இனி அனுப்ப முடியாது. அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?"

தெரியாது. எனவே ஜமீலாவை அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தார். பின்னணியில் இயந்திரச் சத்தம், தொழிற்கூடத்தில் இருந்தார். கேள்வியையும் அதன் விளைவையும் சொன்னேன்.

"இல்லைன்னு குறி போட்டா?"

"உங்கள் ஆர்டர் இந்த மாதமே வந்துவிடும்."

செல்வியிடம் ஏதோ வால்வை மூடச் சொன்னார். பிறகு, "உண்டுன்னு போடுங்க சார்," என்றார்.

"உங்களுக்கு நஷ்டம்."

"வேற ஆள் வரட்டும், பார்க்கட்டும். தூள் நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்லி அது நல்லாயிருக்க வேண்டாம். என்ன எழுதப் போறீங்க, படிங்க."

திரையில் இருந்ததைத் தமிழில் படித்தேன். "இவருடைய ஆராய்ச்சியைப் பற்றி முன்பு நான் பிழையான கருத்துத் தெரிவித்தேன், அதற்கு வருந்துகிறேன்."

"வருத்தத்தை எடுத்துடுங்க. ரிப்போர்ட்ல அது வேண்டாம்."

எடுத்தேன்.

"பிழைன்னு ஒண்ணா போடாதீங்க சார். காலையில சொன்னது பிழை. மூணு மணிக்கு மேல அது பிழையில்ல. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

எழுதினேன். முதல் வாக்கியத்தில் தவறான முடிவு சொன்னது. இரண்டாவதில், அன்று பிற்பகலே சோதித்து உண்மை தெரிந்தும் மறைத்து, சான்றை அழித்தது. படித்துக் காட்டினேன்.

"சரியா இருக்கு," என்றார். பாடத்தில் ஒரு கணக்கைச் சரிபார்த்தவர்போல. "அனுப்பிடுங்க. எனக்கு உள்ள வேலை இருக்கு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. 'உண்டு' என்ற கட்டத்தில் குறியிட்டு, அறிக்கையை அனுப்பினேன். அதன் பிறகு அவர் எனக்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.